மெரூன் நூல் ரெண்டு கண்டு

மார்ச் 3, செவ்வாய்

முழங்கால் வலி. வெயில் முகத்தில் அடிக்கிறதே என்று நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன். மருமகள் வந்து பழைய இடத்துக்கே தள்ளிவிட்டாள். கேட்டால் "வழியில இருக்கு அத்தை" என்கிறாள். இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டில் என் நாற்காலி வழியில்தான் இருக்கிறது. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சாயங்காலம் பேத்தி வந்தாள். கம்பெனியில் டிசைன் எல்லாம் இப்போது அவள் கையில். அடுத்த மாதம் கம்பெனிக்கு ஐம்பது வருடமாம். புத்தகம் போடுகிறார்கள், வீடியோவும் எடுக்கிறார்கள். "முதல்ல இருந்து சொல்லுங்க பாட்டி. உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே" என்றாள்.

இருக்கிறது. அதுதான் சனியன்.

சொன்னேன். என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பழைய பின்னல் மெஷின் ரெண்டு வாங்கி ஒரே அறையில் போட்டது. மழை பெய்தால் கம்பளி நூலைக் கட்டிலின் மேல் ஏற்றிவிட்டு நாங்கள் தரையில் படுத்தது. பள்ளிக்கூடத்து சாம்பல் கலர் ஸ்வெட்டராகவே ஆறு வருடம் பின்னித் தள்ளியது. அப்புறம் நான் கையால் பின்னிய இலை ஸ்வெட்டர். வந்த வியாபாரி அதைப் பார்த்து அசந்தது. முந்நூறு உருப்படிக்கு ஆர்டர் கொடுத்தது. எங்கள் தலையெழுத்து மாறியது.

இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒரு வார்த்தை பிசகாமல் வருகிறது.

"அப்புறம் சின்னத் தாத்தா ஏன் பிரிஞ்சு போனார்?" என்றாள்.

"வேலை தலைக்கு மேல இருக்கிற நேரத்துல விட்டுட்டுப் போனார். அவ்வளவுதான்" என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 4, புதன்

அந்த ஸ்வெட்டரை நான் பின்னவில்லை.

எழுதிவிட்டேன். பேனாவை மூடுகிறேன்.

மார்ச் 6, வெள்ளி

ரெண்டு நாளாக இந்த நோட்டைத் தொடவில்லை. தொட்டால் சுடுகிற மாதிரி இருந்தது. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனாலும் பழைய ஆர்டர் புத்தகங்களின் பின்பக்கத்தில் நாற்பது வருடமாக எழுதி வருகிறேன். யார் என்ன சொன்னார்கள், யார் முகத்தைத் திருப்பினார்கள், எல்லாம் இருக்கிறது. இது மட்டும்தான் எதிலும் இல்லை. அடுத்தவர் கணக்குக்கு அத்தனை புத்தகம், என் கணக்குக்கு ஒரு வரி கிடையாது.

பின்னினது என் ஓரகத்தி. கொழுந்தனின் பெண்டாட்டி. அவளுக்கு இடது கைப் பழக்கம். நான்தான் அவளுக்கு நொட்டாங்கை என்று பெயர் வைத்தேன். "நொட்டாங்கை, தண்ணி கொண்டா." "நொட்டாங்கை பின்னினா ஸ்வெட்டரும் நொண்டிக்கிட்டுத்தான் நிக்கும்." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு.

மிச்ச நூலில் அவள் தனக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். நெஞ்சு முழுக்க இலை. ரெண்டு கண்ணியை ஒன்றாக்கிப் பின்னினால் வலது கைக்காரிக்கு அது வலப்பக்கம் சாயும், இவளுக்கு இடப்பக்கம் சாய்ந்தது. இலை எல்லாம் காற்று அடித்த மாதிரி ஒரே பக்கமாகப் படுத்திருந்தது. அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. "கோணலா இருக்கு" என்றேன்.

அவள் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குப் போயிருந்த நேரம் வியாபாரி வந்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை இழுத்துப் பார்த்தார். "யாரும்மா பின்னினது?"

"நான்தான்."

யோசித்துச் சொல்லவில்லை. யாரோ கூப்பிட்டால் "ம்" என்கிறோமே, அந்த மாதிரி வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியும். முந்நூறு என்றதும் அவர் வாயும் மூடிக்கொண்டது.

"இதே மாதிரி இன்னும் மூணு சைஸ்ல சாம்பிள் வேணும், ஒரு மாசத்துல" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பின்னினால் இலை வலப்பக்கம் சாய்கிறது. மாற்றிக் கோத்தால் கண்ணி முறுக்கிக்கொள்கிறது. அவளுக்குக் கடுதாசி போட்டிருந்தால் மறுநாளே வந்து நின்றிருப்பாள். போடவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நிலைக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, ஊசியை இடது கைக்கு மாற்றினேன். கையைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தே பின்னினேன். கண்ணாடிக்குள் அது வலது கையாகத் தெரியுமே, அதைப் பிடித்துக்கொண்டு போனேன். இருபது நாளில் வந்துவிட்டது.

அவளை நொட்டாங்கை என்றவள் நான். கதவைச் சாத்திக்கொண்டு நானும் நொட்டாங்கை ஆனேன்.

முந்நூறையும் மெஷினில் ஓட்ட என் வீட்டுக்காரர் வழி கண்டுபிடித்தார். அதற்கப்புறம் அந்த இலையை நான் கையால் தொட்டதில்லை. இப்போது எல்லா ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டியிலும் ஒரு குட்டி இலை. "பாட்டி இலை" என்று லேபிள்.

மார்ச் 9, திங்கள்

வீடியோக்காரர்கள் வந்தார்கள். மூன்று விளக்கு, ஒரு குடை. என் முகத்தில் பவுடர் வேறு. பேத்தி ஊசியையும் நூலையும் மடியில் வைத்து, "சும்மா ஒரே ஒரு இலை பாட்டி" என்றாள்.

அங்கே நிலைக்கண்ணாடிக்கு எங்கே போவது? வலது கை தன்பாட்டுக்குப் போனது. எனக்கே தெரிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேத்தி துண்டை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற அந்த முதல் இலை ஸ்வெட்டரையும் பார்த்தாள். "பாட்டி, இலை மாறிச் சாயுதே."

"கண்ணு தெரியலைடி. விளக்கு கூசுது" என்றேன்.

"சரி பாட்டி" என்றாள். அந்தச் 'சரி' சரியாக இல்லை. அவளும் என் ரத்தம்தானே.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது நாற்பத்துநாலு வருடம் ஓடியிருக்கிறது. நான் எவ்வளவு பெரிய கெட்டிக்காரி!

மார்ச் 10, செவ்வாய்

பாதி எழுதி நிறுத்தினால் அதுவும் ஒரு பொய்தான். மீதியையும் எழுதுகிறேன்.

கண்ணாடி முன்னால் பழகிய நூல் மெரூன். கைக்கு அதுதான் கிடைத்தது, ரெண்டு கண்டு எடுத்தேன். அது வேறொரு வேலைக்கு அளந்து வாங்கிய நூல் என்று அப்போது நினைக்கவில்லை. பின்னிப் பின்னிப் பதினேழு துண்டு. பிரித்தால் நூல் சுருண்டு காட்டிக்கொடுத்துவிடும் என்று பிரிக்கவும் இல்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டு மூடினேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஓரகத்தி திரும்பி வந்தாள், தன் இலை என் பெயரில் ஆர்டர் ஆகியிருப்பதைப் பார்த்தாள், கேட்கவில்லை. மறுபடி ஊருக்குப் போனாள், அம்மா தவறிப்போனதற்கு. அந்த வாரம்தான் மெரூன் ஸ்வெட்டர் ஆர்டர் முடிகிற நேரம். கடைசி ஸ்வெட்டர் ஒரு கையோடு நின்றது. இன்னொரு கைக்கு நூல் இல்லை. ஒற்றைக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கத்தினார். "ரெண்டு கண்டு எங்கே போச்சு?" மெஷின் ஓட்டுகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள்.

நான் சொன்னேன் – வார்த்தை மாறாமல் எழுதுகிறேன் – "எனக்கென்ன தெரியும்? ஊருக்குப் போறவ பையை யார் பார்த்தா?"

அவ்வளவுதான் சொன்னேன். எடுத்தாள் என்று சொல்லவில்லை. இத்தனை வருடமாக அதைத்தானே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன் – 'அவள் எடுத்தாள்' என்று நான் சொல்லவே இல்லையே என்று. தூ.

சாவு வீட்டிலிருந்து வந்தவளிடம் என் வீட்டுக்காரர் பையைத் திறக்கச் சொன்னார். அவள் திறந்தாள். அம்மாவின் பழைய புடவை ஒன்று இருந்தது. கொழுந்தன் அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் ரெண்டு பேரும் போய்விட்டார்கள். "வேலை நேரத்துல விட்டுட்டுப் போனார்" என்று அன்றைக்கே ஆரம்பித்தேன். கொழுந்தன் செத்ததற்குக்கூட நான் போகவில்லை. கோபமாம் எனக்கு!

அதற்கப்புறம்தான் கம்பெனி வாசலில் சோதனை மேஜை போட்டார்கள். வேலை முடிந்து போகிறவர்கள் எல்லோரும் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். இன்றைக்கும் இருநூறு பேர் காட்டுகிறார்கள். சாப்பாட்டு டப்பா, குடை, பிள்ளைக்கு வாங்கின மருந்து. என் பையை யாரும் கேட்டதில்லை.

மார்ச் 14, சனி

பேத்தி எங்கிருந்தோ நம்பர் வாங்கி ஓரகத்திக்குப் போன் பண்ணியிருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை பாட்டி. 'உங்க பாட்டி என்ன சொல்றாங்களோ அதையே போடும்மா, அதுதான் சரி'ன்னாங்க. நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க."

பேத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து குழாயைத் திறந்து ஏற்கெனவே கழுவின டம்ளரை மறுபடி கழுவினேன்.

அவ யாருடி எனக்குப் பிச்சை போடறதுக்கு? நாலு வார்த்தை திட்டியிருந்தா நானும் நாலு திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்ல? எனக்கு சண்டைதான் தெரியும். இதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?

மார்ச் 15, ஞாயிறு

சாப்பிடவில்லை. பல் வலி என்று சொல்லிவிட்டேன். இன்னொரு பொய்.

மார்ச் 17, செவ்வாய்

பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லி, கம்பெனி காரில் ரெண்டு மணி நேரம் போய் அவள் வீட்டு வாசலில் இறங்கினேன். மடியில் துணிப்பை, அதற்குள் பதினேழு துண்டு.

அவளேதான் கதவைத் திறந்தாள். இளைத்துப்போயிருக்கிறாள். மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. "வாங்கக்கா" என்றாள், நேற்று போனவளைப் பார்க்கிற மாதிரி. "செருப்பை வெளியிலயே விடுங்க. இப்பதான் துடைச்சேன்."

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. பையை மேஜைமேல் கொட்டினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். வரிசைப்படி அடுக்கினாள். நான் சொல்லாமலே எது முதல், எது கடைசி என்று தெரிந்தது அவளுக்கு. "இதுல எல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்குது... பதினொண்ணுலதான் பிடிச்சிருக்கீங்க" என்றாள். அப்புறம், "ரெண்டு கண்டு" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"முதல் தடவை ஊர்ல இருந்து வந்தேனே, அன்னைக்கே உங்க புடவையில மெரூன் பஞ்சு ஒட்டியிருந்தது. அப்ப புரியலை. பையைத் திறந்து காட்டுறப்பதான் புரிஞ்சது."

"அப்ப ஏண்டி வாயைத் திறக்கலை?"

"திறந்தா? உங்க பேச்சு எடுபடுமா, நொட்டாங்கை பேச்சு எடுபடுமா? நீங்களே சொல்லுங்க."

"பேத்திகிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நான் சொன்னா அது குறை சொல்றது அக்கா. நீங்க சொன்னாத்தான் அது நடந்தது."

மன்னித்துவிடு என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் வந்தது. அவள் காது நல்ல காது.

"அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிற மாதிரி. "எங்க வீட்டுக்காரர் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கேட்டார். 'இப்பவாவது சொல்லு, அந்த நூலை எடுத்தியா?'ன்னு. முப்பத்தஞ்சு வருஷம் கூட இருந்த மனுஷன் அக்கா."

"நீ என்ன சொன்னே?"

"இல்லைன்னேன். சரின்னு கண்ணை மூடிக்கிட்டார். நம்பினாரா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

காபி போட்டுக் கொடுத்தாள். குடிக்க முடியவில்லை, குடித்தேன்.

கிளம்பும்போது துண்டுகளையெல்லாம் திருப்பிப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

மார்ச் 18, புதன்

பேத்தியிடம் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. "இலை மாறிச் சாஞ்சப்பவே ஏதோ இருக்குன்னு நினைச்சேன் பாட்டி. இப்படின்னு நினைக்கலை" என்றாள். போகும்போது வழக்கம்போல் என் கன்னத்தைக் கிள்ளவில்லை.

மகனிடமும் சொன்னேன். அவன் வியாபாரி. தலையைச் சொறிந்துகொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். "பாட்டி இலைன்னுதானேம்மா லேபிள்ல இருக்கு? எந்தப் பாட்டின்னு போடலையே. அப்படியே விட்டுடலாம்." அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. எனக்கும்தான்.

மார்ச் 20, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வேலை முடிகிற மணி அடித்ததும் நானும் போய் வாசல் வரிசையில் நின்றேன். முன்னால் பேக்கிங் பெண்கள், பின்னால் அயர்ன் மாஸ்டர். இருபது வயசுப் பையனாக வந்து சேர்ந்தவர், இப்போது முடியெல்லாம் நரைத்துவிட்டது. மேஜை எதற்கு என்று கேட்கிற புது ஆளுக்கெல்லாம் "சின்னம்மா நூல் திருடின கதை தெரியுமா?" என்று ஆரம்பித்து அவர்தான் கதை சொல்வார். நான் ஒரு நாளும் தடுத்ததில்லை.

"என்ன பெரியம்மா, வீட்டுக்கு நடந்தா போறீங்க?" என்றார்.

என் முறை வந்தது. பையை மேஜைமேல் வைத்தேன். காவல்காரப் பெண் பதறிப்போய் எழுந்துவிட்டாள். "உங்க பையை எதுக்கு பெரியம்மா..."

"பாரு" என்றேன்.

அவள் தொடவில்லை. நானே கொட்டினேன். "இது ஸ்டோர்ல இருந்து எடுத்த நூல். ரெண்டு கண்டு. எடுத்தது நான். பழியைச் சின்னம்மா தலையில போட்டதும் நான். அந்த இலையும் என்னோடது இல்ல, அவளோடது." பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்காது என்று திரும்பி நின்று மறுபடியும் சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டம்.

சின்ன வயசுக்காரர்கள் முழித்தார்கள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அயர்ன் மாஸ்டருக்குப் புரிந்தது. ஒரு துண்டை எடுத்து, பழக்கதோஷம், மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினார்.

"அந்த ஒத்தைக் கை ஸ்வெட்டரு..." என்றார். அப்புறம், "அவங்க பையைத் திறந்து காட்டறப்ப நான் சிரிச்சேன் பெரியம்மா. சத்தமாவே சிரிச்சேன்."

தன் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்.

மகன் ஓடிவந்தான். "வீட்டுக்குள்ளயே சொல்லி முடிச்சிருக்கலாமேம்மா!"

"திருடின்னு சொன்னது வீட்டுக்குள்ள மட்டுமாடா?"

மார்ச் 24, செவ்வாய்

மகன் நாலு நாளாகப் பேசவில்லை. எண்ணிக்கொண்டிருக்கிறேன். பழக்கம் விடுமா?

மார்ச் 27, வெள்ளி

கம்பெனிக்குள் நடந்து போனேன். பேச்சு நின்றுபோகிறது. யாரும் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால்கூடத் தேவலை.

ஏப்ரல் 2, வியாழன்

பேத்தி புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறாள். வாசித்துக் காட்டினாள். என் படம் இருந்த இடத்தில் பதினேழு துண்டுகளின் படம். "நூல் காணாமல் போன சம்பவம்" என்று எழுதியிருந்தாள்.

"காணாமல் எங்கேடி போச்சு? நான் எடுத்தேன்னு போடு" என்றேன்.

அடித்துவிட்டு எழுதினாள். போகும்போது கன்னத்தைக் கிள்ளினாள். வலிக்கிற மாதிரிதான்.

ஏப்ரல் 9, வியாழன்

மறுபடி வீடியோ எடுத்தார்கள். ஓரகத்தி வந்தாள். பேத்தி மூன்று தடவை நேரில் போய்க் கூப்பிட்டதற்குப் பிறகு வந்தாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

வாசலில் மேஜை இல்லை. திங்கட்கிழமையே எடுத்துவிட்டார்கள். மகன்தான் சொல்லியிருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை. போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் கை தானாகப் பைக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்தேன். மேஜையை உள்ளே கொண்டுவந்து அதன்மேல் நூலும் ஊசியும் பரப்பி வைத்திருந்தார்கள்.

அயர்ன் மாஸ்டர் அவள் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க இன்னும் இங்கதானா? நல்லா முடி நரைச்சுப்போச்சே" என்றாள் அவள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் ஓரமாக நின்றார்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அவள் ஸ்வெட்டரை அவள் கையில் கொடுத்தார்கள். பிரித்துப் பார்க்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து ஊசியை எடுத்தாள். விரல் முட்டியெல்லாம் வீங்கியிருக்கிறது. ஆனாலும் இடது கை கிளம்பியதும் இலை இடப்பக்கம் படுத்தது. தானாக.

வீடியோக்காரப் பெண் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "ரெண்டு பேரும் சேர்ந்து பின்னுங்களேன்."

ஓரகத்தி தலையை நிமிர்த்தவே இல்லை. "அக்காவுக்கு நிலைக்கண்ணாடி இல்லாம வராது. முதல்ல அதைக் கொண்டாரச் சொல்லுங்க" என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேத்தி, மகன், பேக்கிங் பெண்கள், எல்லோரும். அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் என்னைக் கிண்டல் பண்ணினது இதுதான் முதல் தடவை. பதில் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல பதில். விழுங்கிவிட்டேன். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நானும் சிரித்தேன்.

வீடியோ வேலை இன்னும் முடியவில்லையாம். நாளைக்குக் காலை பத்து மணிக்கு மறுபடி வருகிறாள். நிலைக்கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.